ஒரே நம்பரில் இரண்டு கடை

நூர் முஹம்மது யாரிடமும் போய் "இது எப்படிங்க?" என்று கேட்கிற ஆள் இல்லை. சவூதியின் தம்மாமில் ஒரு கிடங்கில் வேலைக்குச் சேர்ந்தபோது ஃபோர்க்லிஃப்ட் ஓட்டத் தெரியும் என்று சொல்லிவிட்டார். உண்மையில் தெரியாது. மற்றவர்கள் சாப்பிடப் போகிற நேரத்தில் தனியாக ஏறி உட்கார்ந்து, ஒவ்வொரு கைப்பிடியாக இழுத்துப் பார்த்துக் கற்றுக்கொண்டார். அரபியும் அப்படி வந்ததுதான், இந்தியும் அப்படி வந்ததுதான். கேட்டால் கேட்டவன் சின்ன ஆளாகிவிடுவான் என்பது அவர் எண்ணம்.

ஐம்பதைத் தாண்டி, உடம்பில் சர்க்கரையோடு மரக்காணம் திரும்பியபோது, வீடு அவர் இல்லாமலே ஓடப் பழகியிருந்தது. ரேஷன், கரன்ட் ஆபீஸ், மகள் ஃபர்ஹானாவின் நிக்காஹ் என்று எல்லாவற்றையும் தனியாளாக இழுத்துப் போட்டுச் செய்து முடித்தவள் அவர் மனைவி சைபுன்னிசா. சிலிண்டர் மாற்ற அவர் எழுந்தால்கூட, "நீங்க உக்காருங்க, நான் பாத்துக்கறேன்" என்பாள். மரியாதையாகத்தான் சொன்னாள். அவருக்குத்தான் சுருக்கென்று இருந்தது.

அதனால் கடை போட்டார். திண்டிவனம் சாலையில் ஒரு சின்ன அறை, ஒரு ஜெராக்ஸ் மிஷின், ஒரு கம்ப்யூட்டர். ஆதார் பிரின்ட், பாஸ்போர்ட் போட்டோ, மக்காவுக்கு உம்ரா டிக்கெட், கல்யாணப் பத்திரிகை. உப்பளத்து ஆட்களும் வந்தார்கள், அனுமந்தையிலிருந்து மீன்காரர்களும் வந்தார்கள். பாதிப் பேர் பென்டிரைவோடு வந்தார்கள். அதில் வைரஸும் சேர்ந்து வந்தது. இரண்டாவது தடவை கம்ப்யூட்டரில் இருந்த எல்லாம் அழிந்துபோனபோது, புதுச்சேரியில் பழைய கம்ப்யூட்டர் விற்கிறவர், "லினக்ஸ் போட்டுத் தரேன் பாய். பென்டிரைவுல வர்ற வைரஸ் இதுல வேலையைக் காட்டாது. ஆனா கொஞ்சம் கத்துக்கணும்" என்றார்.

"கத்துக்கலாம்" என்று சொல்லி வாங்கிக்கொண்டு பஸ் ஏறிவிட்டார் நூர் முஹம்மது.

கடையில் கொண்டுவந்து மாட்டினால், திரை அழகாக வந்தது. பிரின்டர் வேலை செய்தது. நெட் மட்டும் வரவில்லை.

அவருடைய நெட் பக்கத்துக் கடையிலிருந்து வருவது. பக்கத்துக் கடை அமுதவல்லியின் ரத்தப் பரிசோதனை நிலையம். வானூர் பக்கத்து விவசாயக் குடும்பத்துப் பெண். படித்து, திண்டிவனத்தில் ஒரு லேபில் வேலை பார்த்து, சொந்தமாகத் தொடங்கியவள். இன்டர்நெட் லைன் அவள் பெயரில் இருந்தது. ரவுட்டர் அவள் மேஜை மேல். சுவரில் துளை போட்டு ஒரு வயரை நூர் முஹம்மதின் கடைக்கு இழுத்துக் கொடுத்திருந்தாள். வாடகையைப் பிரித்துக்கொள்வதுபோல் லைனையும் இருவரும் பிரித்துக்கொண்டார்கள். அவருடைய சர்க்கரையை மாதாமாதம் பார்த்துச் சொல்பவளும் அவள்தான். "பாய், நேத்து பிரியாணியா?" என்று ரிப்போர்ட்டைப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவாள்.

புது கம்ப்யூட்டரில் மூலையில் "இணைக்கப்பட்டது" என்று வந்தது. ஆனால் எந்தப் பக்கமும் திறக்கவில்லை. வயரைப் பிடுங்கி மாட்டினார். கம்ப்யூட்டரை அணைத்து எழுப்பினார். கடைசியில் போனில் தமிழ் வீடியோக்களைத் தேடி உட்கார்ந்தார். ஒன்றில், டெர்மினல் என்ற கறுப்புப் பெட்டியைத் திறந்து "பிங்" அடிக்கச் சொன்னார்கள். அது வெளியே இருக்கிற கம்ப்யூட்டரைக் கூப்பிட்டுப் பார்க்கிற கட்டளை. நம்பர் போட்டுக் கூப்பிட்டால் பதில் வந்தது. பெயர் போட்டுக் கூப்பிட்டால் வரவில்லை. அதாவது லைன் இருக்கிறது, பெயரை நம்பராக மாற்றித் தருகிற இடம்தான் எங்கோ மக்கர் பண்ணுகிறது. இதைப் புரிந்துகொண்டபோது அவருக்கு உடம்பெல்லாம் ஒரு சந்தோஷம் பரவியது. ஜெராக்ஸ் எடுக்க வந்து நின்ற ஒருவரிடம், "நம்பர் போவுது, பேருதான் போவல பாத்தீங்களா!" என்று திரையைத் திருப்பிக் காட்டினார். அவர் ஒன்றும் புரியாமல், "ரெண்டு காப்பி போடுங்க பாய்" என்றார்.

இன்னொரு வீடியோவில் ஒரு பையன் நெட்வொர்க் அமைப்பைத் திறந்து, "தானாக" என்பதை எடுத்துவிட்டு "மேனுவல்" என்று மாற்றி, கட்டங்களில் நம்பர்களை அடித்துக் காட்டினான். நூர் முஹம்மது வீடியோவை நிறுத்தி நிறுத்தி, ஒரு புள்ளிகூட மாறாமல் அதையே அடித்தார். கம்ப்யூட்டரின் சொந்த முகவரி என்ற கட்டத்தில் பத்து என்று முடிகிற ஒரு நம்பர். சேமித்தார். நெட் வந்துவிட்டது.

ஷார்ஜாவில் இருக்கும் மகன் உமைருக்கு உடனே போன் போட்டார். "அத்தா, நீங்களேவா செஞ்சீங்க?" என்றான் அவன். அந்தக் கேள்வியை நூர் முஹம்மது மனசுக்குள் பலமுறை போட்டுக் கேட்டுக்கொண்டார். வீட்டில் சைபுன்னிசாவிடம் சொன்னார். "மாஷா அல்லாஹ்" என்று சொல்லிவிட்டு, மாத்திரை போட்டீங்களா என்று கேட்டாள்.

சந்தோஷம் நிலைக்கவில்லை. நெட் வரும், நிற்கும். டிக்கெட் போட்டுக்கொண்டிருக்கும்போது பாதியில் சுற்ற ஆரம்பிக்கும். கொஞ்ச நேரம் கழித்து ஒன்றுமே நடக்காததுபோல் ஓடும். அமுதவல்லியிடமும் அதே கதை. அவள் காலையில் வெறும் வயிற்றோடு வருகிறவர்களிடம் ரத்தம் எடுப்பாள். பத்து மணிக்கு மேல் ரிப்போர்ட் தயாராகும். அவற்றை டாக்டர்களின் போனுக்கு அனுப்ப வேண்டும். அந்த நேரம் பார்த்து நெட் படுத்துவிடும். அவள் கம்ப்யூட்டரில் மூலையில் இங்கிலீஷில் ஒரு சின்னப் பெட்டி வந்து வந்து எட்டிப் பார்த்தது. ஏதோ விளம்பரம் என்று அவள் மூடிவிட்டாள்.

லைன் பார்க்கிற பாலகுருவைக் கூப்பிட்டார்கள். அவன் வந்து வயர் முனையை உருவிப் பார்த்தான். செப்புப் பல்லெல்லாம் பச்சை பூத்திருந்தது. "உப்புக் காத்துக்கு இந்த ஏரியாவுல எதுவும் நிக்காதுங்க. உப்பளத்தைத் தாண்டி வர்ற காத்து நேரா இங்கதான அடிக்குது" என்று இரண்டு கடைக்கும் புது முனை போட்டுக் கொடுத்தான். அன்றைக்கு நன்றாக ஓடியது போலிருந்தது. மறுநாள் பழைய குருடி.

அதற்குப் பிறகு இருவரும் ஒருவரையொருவர் சந்தேகப்பட ஆரம்பித்தார்கள். லேபில் யாரோ சினிமா இறக்குகிறார்கள் என்று நூர் முஹம்மதுக்குத் தோன்றியது. பாய் புதுசாக என்னமோ ஒன்றைப் போட்டு லைனையே உறிஞ்சுகிறார் என்று அமுதவல்லிக்குத் தோன்றியது. முதலில் சிரித்துக்கொண்டே சொன்னார்கள். பிறகு சிரிக்காமல் சொன்னார்கள். பிறகு பேச்சே குறைந்தது. அந்த மாதம் அவர் சர்க்கரை பார்க்கப் போகவில்லை.

ஒருநாள் அனுமந்தையிலிருந்து ஒரு கர்ப்பிணிப் பெண்ணை டாக்டர் அருள்மொழி ரத்தம் பார்க்க அனுப்பியிருந்தார். அமுதவல்லி பார்த்துவிட்டாள், ரத்தம் ரொம்பக் குறைவு. ரிப்போர்ட் போகவில்லை. தன் போனிலிருந்து அனுப்பலாம் என்றால் ரிப்போர்ட் கம்ப்யூட்டரை விட்டு வெளியே வந்தால்தானே; படம் எடுத்து அனுப்பினால் டாக்டர் ஏற்க மாட்டார், கூப்பிட்டுச் சொல்லலாம் என்றால் போனை எடுக்கவில்லை. கடைசியில் காகிதத்தில் கையால் எழுதி, கையெழுத்துப் போட்டு, அந்தப் பெண்ணிடமே கொடுத்தனுப்பினாள். அவள் அந்த வெயிலில் கிளினிக்குக்குப் போய்ச் சேர்ந்தபோது டாக்டர் அடுத்த ஊருக்குக் கிளம்பியிருந்தார். சாயங்காலம் டாக்டர் போனில் கத்தவில்லை. "இனிமே திண்டிவனத்துக்கே அனுப்பிக்கிறேம்மா" என்று மட்டும் சொன்னார். கத்தியிருந்தால் தேவலை என்றிருந்தது அமுதவல்லிக்கு.

அவள் நேரே பக்கத்துக் கடைக்கு வந்தாள். கண் சிவந்திருந்தது.

"பாய், உங்க வயரை நான் கழட்டப் போறேன்."

"ஏம்மா, கழட்டிட்டா உன் நெட்டு பறந்துடுமா? நீ உள்ள என்னா பண்றன்னு எனக்கு என்னா தெரியும்?"

"நான் என்னா பண்றேன்? ரத்தம் பாக்குறேன்! உங்களாலதான் எல்லாம் போவுது. வெள்ளிக்கிழமை நீங்க தொழுவப் போற நேரத்துல மட்டும்தான் என் ரிப்போர்ட்டு ஒழுங்கா போவுது, தெரியுமா?"

கடையில் நின்றிருந்த இரண்டு பேர் சட்டென்று நிமிர்ந்து பார்த்தார்கள். நூர் முஹம்மதின் முகம் கறுத்தது. "தொழுகையை எதுக்கும்மா இழுக்குற?" என்றார். அமுதவல்லி, "நான் எதையும் இழுக்கல" என்று சொன்னாள். அதற்குள் அவளுக்கும் அழுகை வந்துவிட்டது, திரும்பிப் போய்விட்டாள். நின்றிருந்தவர்களில் ஒருவர், "பாத்தீங்களா பாய், எப்படிப் பேசுதுன்னு" என்று ஆரம்பித்தார். நூர் முஹம்மது அவரிடம் காகிதத்தை நீட்டி, "உங்க காப்பி ரெடிங்க" என்று அனுப்பிவைத்தார். அன்றைக்குக் கடையைச் சீக்கிரமே சாத்தினார்.

வீட்டில் சாப்பாட்டுத் தட்டை வைத்துக்கொண்டு பிசைந்தபடியே இருந்தார். சைபுன்னிசா கேட்டுக் கேட்டுத்தான் வாயைத் திறந்தார்.

"என் தொழுகையைப் பத்திப் பேசிட்டா அந்தப் பொண்ணு."

"அமுதாவா? சும்மா இருங்க. அவ என்னா சொன்னா? அவ சொன்னத அப்படியே சொல்லுங்க."

அப்படியே சொன்னார். சைபுன்னிசா ரசத்தை ஊற்றிக்கொண்டே யோசித்தாள்.

"இதுல தொழுகைய எங்க குத்தம் சொன்னா? நீங்க கடையில இல்லாதப்ப நெட்டு வருதுன்னு சொல்லியிருக்கா. மத்த நாள் மத்தியானம் சாப்பாடுகூட நான் கடைக்குத்தான குடுத்தனுப்புறேன். வெள்ளிக்கிழமை ஒருநாதான் நீங்க பூட்டிட்டு வர்றீங்க. அதச் சொல்றா."

நூர் முஹம்மது கையை அப்படியே வைத்திருந்தார். வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகைக்குக் கிளம்பும்போது அவர் கம்ப்யூட்டரை முழுசாக அணைத்துவிட்டுத்தான் வருவார். அவர் கம்ப்யூட்டர் அணைந்தால் அவளுக்கு நெட் வருகிறது. பேச்சில் காயம் பட்டுக்கொண்டு நின்றவருக்கு, அதற்குள் இருந்த விஷயம் காதில் விழவே இல்லை.

"அப்போ என் பொட்டிதான்" என்றார் மெதுவாக.

"பொட்டிதான்னா யாருகிட்டயாவது கேளுங்க" என்றாள் சைபுன்னிசா. "எல்லாத்தையும் நீங்களே கண்டுபுடிக்கணும்னு உங்களுக்கு ஏதாச்சும் நேர்ச்சையா?"

லினக்ஸ் பயன்படுத்துகிற தமிழர்கள் பேசிக்கொள்கிற ஒரு டெலிகிராம் குழுவில் அவர் சேர்ந்து ரொம்ப நாளாகிறது. படிப்பார், ஒரு வார்த்தை எழுதியதில்லை. அன்றைக்கு எழுத உட்கார்ந்தார். மூன்று வரி எழுதவே நேரம் பிடித்தது. தனக்கு வயது அதிகம், கம்ப்யூட்டர் புதிது, தப்பாகக் கேட்டால் மன்னிக்கவும் என்றெல்லாம் எழுதி, பிறகு அதையெல்லாம் அழித்துவிட்டு, நடந்ததை மட்டும் எழுதினார். ஒரு லைன், இரண்டு கம்ப்யூட்டர், என்னுடையதைப் போட்டால் பக்கத்தில் நிற்கிறது. அனுப்பிவிட்டுப் போனைக் கவிழ்த்து வைத்தார்.

யாரும் சிரிக்கவில்லை. முகம் தெரியாத ஒருவர் கேட்டார்: "ஐயா, ஐபி முகவரி தானாக வருகிறதா, நீங்கள் கையால் போட்டீர்களா?" கையால்தான் என்றார். "நாளை உங்கள் கம்ப்யூட்டர் வயரைக் கழற்றிவிட்டு, போனை அதே ரவுட்டரின் வைஃபையில் இணைத்து, உங்கள் நம்பருக்கு பிங் செய்து பாருங்கள். நீங்கள் இல்லாதபோதும் அந்த நம்பரிலிருந்து பதில் வந்தால், அது வேறு யாருடையதோ."

மறுநாள் கடையைத் திறந்ததும் ஷட்டரைப் பாதி இறக்கி வைத்துக்கொண்டார். வயரைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, போனில் அந்தப் பத்தாம் நம்பரைக் கூப்பிட்டார்.

பதில் வந்தது. வரிவரியாக வந்துகொண்டே இருந்தது. கையில் வயர் தொங்குகிறது, கம்ப்யூட்டர் செத்துக் கிடக்கிறது, அவருடைய நம்பரிலிருந்து யாரோ பதில் சொல்கிறார்கள். சுவருக்கு அந்தப் பக்கம் அமுதவல்லி நாற்காலியை இழுக்கிற சத்தம் கேட்டது.

பக்கத்தில் போய்ச் சொல்லாமலே நம்பரை மாற்றிவிடலாம். நெட் சரியாகிவிடும். பாலகுரு போட்ட முனைதான் கடைசியில் வேலை செய்தது என்று எல்லாரும் நினைத்துக்கொள்வார்கள். அந்த எண்ணம் வந்ததும் வந்தது, அதை அவர் கொஞ்ச நேரம் வைத்துப் பார்த்ததும் உண்மை. பிறகு எழுந்து போனார்.

லேபில் ஒரு கிழவர் கையில் பஞ்சை அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அமுதவல்லி நிமிர்ந்து பார்த்தாள்.

"அமுதா, தப்பு என் மேலதான்மா" என்றார். "உன் கம்ப்யூட்டருக்கு ஒரு நம்பர் இருக்கு. நான் தெரியாம அதே நம்பர என்னோடதுக்கும் போட்டுட்டேன்."

"நம்பரா? எனக்குத் தெரியாதே. மிஷின் கம்பெனிக்காரர் வந்து மாட்டறப்ப ஏதோ மாத்தக் கூடாதுன்னு போட்டுட்டுப் போனாரு."

"அதேதான். அது உன்னுது. ரெண்டு பேருக்கும் ஒரே நம்பர் இருந்தா, வர்றது எங்க போறதுன்னு ரவுட்டருக்குத் தெரியாது." அவள் முகத்தில் தெளிவு வரவில்லை. அவர் மேஜையைப் பார்த்தார். ரத்தக் குழாய்கள் வரிசையாக நின்றன, ஒவ்வொன்றிலும் ஒட்டிய நம்பரோடு. "ரெண்டு பேர் ரத்தத்துக்கு ஒரே நம்பர் ஒட்டிட்டா என்னா ஆவும்?"

அமுதவல்லிக்கு அந்தக் கணமே புரிந்தது. "ஐயோ பாய்" என்றாள். "மூலையில வந்து வந்து போன அந்த இங்கிலீஷ் பெட்டி இதத்தான் சொல்லிச்சா!" நாற்காலியில் சாய்ந்தாள். கோபமா, நிம்மதியா என்று அவள் முகத்திலிருந்து அவரால் கண்டுபிடிக்க முடியவில்லை. "இத்தன நாளா?"

"இத்தன நாளா" என்றார்.

"முதல்ல போய் அத மாத்துங்க. மத்தத அப்புறம் பேசலாம்."

மாற்றினார். குழுவில் அந்த ஆள் சொன்னபடி, முகவரியைத் தானாக வரும்படி விட்டுவிட்டு, பெயரை நம்பராக்குகிற இடத்தை மட்டும் கையால் போட்டார். முதல் நாளே அவ்வளவுதான் தேவைப்பட்டிருக்கிறது. மற்ற கட்டங்களை நிரப்பியிருக்கவே வேண்டாம். சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து, "போவுது பாய்! எல்லாம் போவுது!" என்று சத்தம் வந்தது.

இதோடு முடிந்திருக்கலாம். ஆனால் டாக்டர் அருள்மொழி விஷயம் நூர் முஹம்மதை உறுத்தியது. அமுதவல்லியிடம் சொல்லாமல், சாயங்கால அஸர் தொழுகையை முடித்துவிட்டு, கிளினிக்குக்குப் போய் நோயாளிகளோடு வரிசையில் உட்கார்ந்தார். முறை வந்ததும் உள்ளே போய், நின்றபடியே நடந்ததைச் சொன்னார். லேப் மேல் குற்றமே இல்லை, எல்லாம் தன்னால் வந்தது என்றார்.

டாக்டர் பேனாவை மூடிவிட்டுக் கேட்டார். "ஒரு நிமிஷம். உங்க ஜெராக்ஸ் கடையும் லேபும் ஒரே லைன்லயா இருக்கு?"

"ஆமாங்க மேடம்."

"அப்போ என் பேஷன்ட்டோட ரிப்போர்ட் போற அதே நெட்டுலதான் ஊர்ல இருக்கிற பென்டிரைவெல்லாம் போடுற உங்க கம்ப்யூட்டரும் இருக்குது?"

நூர் முஹம்மது அதை அப்படி நினைத்துப் பார்த்ததே இல்லை.

மறுநாள் அமுதவல்லி வந்தாள். இந்தத் தடவை அழவில்லை. "உங்கள யாரு பாய் அங்க போகச் சொன்னது? நானா கேட்டேன்? லைன தனியா பிரிச்சாத்தான் பேஷன்ட்ட அனுப்புவேன்னு டாக்டரம்மா சொல்லிட்டாங்க."

"நல்லது செய்யலாம்னு போனேன்மா."

"தெரியுது. என்கிட்ட ஒரு வார்த்த கேட்டுட்டுப் போயிருக்கலாம் இல்ல?"

"கேட்டிருக்கணும்" என்றார். அவள் சுவர்த் துளையில் வரும் வயரைப் பார்த்தாள். பிறகு, "ஆனா டாக்டரம்மா சொன்னது சரிதான்" என்றாள். "எனக்கே இது தோணியிருக்கணும்."

அந்த வாரமே நூர் முஹம்மது சொந்தமாக லைன் போட்டுக்கொண்டார். சுவர்த் துளையைச் சிமென்ட் வைத்து அடைத்தார்கள். புது ரவுட்டரை பாலகுரு கொண்டுவந்தபோது, "நானே பாத்துக்கறேன் தம்பி" என்று சொல்ல வாய் வந்தது. அதை விழுங்கிவிட்டு, "நீ பண்ணு, நான் பக்கத்துல இருந்து கேக்கறேன்" என்றார். கேட்கவும் செய்தார். பாலகுருவுக்கே பதில் தெரியாத இரண்டு கேள்விகள் இருந்தன. இருவரும் சேர்ந்து குழுவில் கேட்டார்கள்.

டாக்டர் அருள்மொழி சாதாரணப் பரிசோதனைகளை மறுபடி அமுதவல்லியிடம் அனுப்ப ஆரம்பித்தார். அவசரமானவை இன்னும் பல மாதம் திண்டிவனத்துக்கே போய்க்கொண்டிருந்தன. அந்த அனுமந்தைப் பெண்ணுக்குப் பிறகு ரத்தம் ஏற்றினார்கள், நல்லபடியாகப் பிரசவமும் ஆனது. ஆனால் அவள் குடும்பத்தில் யாரும் அதற்குப் பிறகு அந்த லேபின் படியேறவில்லை. அமுதவல்லி அதை வாய்விட்டுச் சொல்லவில்லை. நூர் முஹம்மது தானாகவே கவனித்தார்.

அடைமழைக் காலம் வந்தது. உப்பளங்கள் தண்ணீரில் மூழ்கி, குவித்து மூடி வைத்த உப்புக் குவியல்கள் மட்டும் மேடு மேடாகத் தெரிந்தன. ஒரு காலையில் சாலை முழுக்க நெட் போயிற்று. அமுதவல்லி முந்தானையைத் தலைமேல் போட்டுக்கொண்டு ஓடிவந்து, கடை வாசலில் நின்று உள்ளே பார்த்தாள்.

"பாய், இது நீங்க இல்லையே?"

"சத்தியமா நான் இல்லம்மா!" என்று இரண்டு கையையும் தூக்கினார். ஜெராக்ஸுக்கு நின்றவர்களுக்கு இருவரும் எதற்குச் சிரிக்கிறார்கள் என்று தெரியவில்லை. எங்கோ மரம் விழுந்து கேபிள் அறுந்துவிட்டதாகப் பிறகு பாலகுரு வந்து சொன்னான். சாயங்காலம் ஆகும் என்றான். லேபில் ரத்தம் கொடுத்துவிட்டுக் காத்திருந்தவர்களும் ஜெராக்ஸ் கடையிலேயே ஒதுங்கி நின்றார்கள். சைபுன்னிசா மதியச் சாப்பாட்டோடு ஃபிளாஸ்க் நிறைய டீயும் கொடுத்தனுப்பியிருந்தாள். நூர் முஹம்மதின் டீயில் சர்க்கரை இருக்கிறதா என்று அமுதவல்லி அந்த ஃபிளாஸ்க்கை வாங்கி, மூடியில் ஒரு வாய் ஊற்றிக் குடித்துப் பார்த்தாள்.

"ரிப்போர்ட் பாத்து ரொம்ப மாசமாச்சு பாய். நாளைக்கு வெறும் வயித்தோட வாங்க" என்றாள்.

"வர்றேன்" என்றார் அவர்.